18 கிராம் பிசிஏஏ, 61 கிராம் புரதம்: வளராத தசை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நான் உணவியல் நிபுணர். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலையில் பாதி. அமினோ அமிலப் பவுடர்கள் குடித்தும் தசை வளராத ஒருவரோடு ஏறத்தாழ ஆறு மாதம் வேலை செய்ததன் பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். இதில் நான் செய்த பிழைகள் இரண்டு உண்டு. அவை வரும் இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

ஆண், வயது 36, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நோய் எதுவும் இல்லை, தொடர்ந்து சாப்பிடும் மருந்தும் இல்லை. இறைச்சி, மீன் தொடமாட்டார். பால், தயிர், முட்டை உண்டு. 14 மாதமாக வாரம் நான்கு நாள் எடைப் பயிற்சி செய்துவந்தார். நேரம் காலை ஆறு மணி, வெறும் வயிறு. சாப்பாடு பகல் ஒரு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்குள் முடிந்துவிடும். மீதி 16 மணி நேரம் தண்ணீரும் பவுடர்களும் மட்டும்தான்.

முதல் எட்டு, ஒன்பது மாதம் நன்றாகவே முன்னேறியிருக்கிறார். புதிதாக வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும். அப்புறம் நின்றுவிட்டது. எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 90 கிலோவில் ஐந்து ரெப் (தொடர்ந்து ஐந்து தடவை), நான்கு மாதமாக அதே இடம். உடல் எடை ஐந்து மாதத்தில் 74 கிலோவிலிருந்து 71.5 ஆகியிருந்தது. கால் பயிற்சி செய்தால் வலி நான்கு நாள் போகாது. என் அறைக்கு வரும் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

அவர் கேட்டு வந்தது ஒன்றே ஒன்று. "மேடம், நான் எடுக்கிற அமினோ சரியில்லையா? எந்த டப்பாவுக்கு மாறணும்?"

முதல் சந்திப்பில் பார்த்தது

மேஜைமேல் மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தார்.

முதலாவது பிசிஏஏ. புரதத்தைக் கட்டும் செங்கற்கள்தான் அமினோ அமிலங்கள்; அவற்றில் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று கிளைச்சங்கிலி வகைகள், 2:1:1 விகிதத்தில். ஒரு ஸ்கூப்பில் 6 கிராம். பயிற்சிக்கு முன், நடுவில், பின் என்று நாளுக்கு மூன்று ஸ்கூப், மொத்தம் 18 கிராம். இரண்டாவது குளுட்டமின் என்ற வேறொரு அமினோ அமிலம், 5 கிராம் இரண்டு வேளை. மூன்றாவது பயிற்சிக்கு முன் குடிக்கும் உற்சாகப் பவுடர். அதைக் குடித்த கால் மணி நேரத்தில் காதும் விரல் நுனியும் குறுகுறுக்கும் என்றார். அது அதில் உள்ள பீட்டா அலனின் என்ற பொருள் செய்கிற வேலை, ஆபத்தில்லாத ஒன்று என்று சொல்லிவிட்டு அந்த டப்பாவை ஓரமாக வைத்துவிட்டேன். லேபிளை முழுதாகப் படிக்கவில்லை. என் முதல் பிழை அது.

பயிற்சி நாளில் ஒரு ஷேக்கரைக் கொண்டுவந்து கலக்கிக் காட்டினார். நன்றாகக் குலுக்கிய பிறகும் மேலே வெள்ளையாக ஒரு படலம் மிதந்தது. லியூசின் தண்ணீரில் லேசில் கரையாது, அதோடு நல்ல கசப்பு. எவ்வளவு எலுமிச்சைச் சுவை போட்டாலும் தொண்டையில் இறங்கும்போது அந்தக் கசப்பு எட்டிப்பார்க்கும். கசக்கிறது என்பதாலேயே வேலை செய்கிறது என்று நம்புகிறவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். இவரும் அந்த ரகம்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் தூக்கிய எடை, ரெப், வலி எத்தனை நாள் இருந்தது எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'புரதம்' என்று எழுதி, பக்கத்தில் '90' என்று போட்டிருந்தார். 90 கிராம் என்றால் அவர் எடைக்குக் கிலோவுக்கு 1.25 கிராம்போல வரும். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அந்த 90 எப்படி வந்தது என்று கேட்கவில்லை. இரண்டாவது பிழை. ஆறு வாரம் வீணானதற்கு இதுதான் காரணம்.

முதல் முடிவு, அதன் காரணம்

அன்று எடுத்த முடிவு இது: பிசிஏஏவையும் குளுட்டமினையும் நிறுத்திவிட்டு, ஒன்பது இன்றியமையா அமினோ அமிலங்களும் உள்ள இஏஏ பவுடர் 7 கிராம், பயிற்சிக்கு முன் ஒரு வேளை.

காரணம் தாளில் பார்த்தால் சரிதான். தசைப் புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது. வெளியிலிருந்துதான் வர வேண்டும். பிசிஏஏவில் இருப்பது அந்த ஒன்பதில் மூன்று. லியூசின் தசை செல்லுக்குள் எம்டார் என்ற பாதையை முடுக்கி, 'புரதம் கட்டு' என்று சொல்கிறது. சொல்லலாம், ஆனால் கட்டுவதற்கு மீதி ஆறு எங்கே? வெறும் வயிற்றில் இருப்பவருக்கு அவை வருவது ஒரே இடத்திலிருந்துதான்: ஏற்கெனவே உள்ள தசை உடைவதிலிருந்து. ஒரு சுவரை இடித்த செங்கல்லால் இன்னொரு சுவர் எழுப்புகிற கதை.

2017-இல் புரத ஆய்வாளர் ராபர்ட் வுல்ஃப் எழுதிய மீளாய்வு இதைத்தான் சொன்னது. மனிதர்களுக்குப் பிசிஏஏவை மட்டும் நரம்பு வழியே ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் தசை உடைவது குறைந்தது. தசை கட்டுவதும் சேர்ந்தே குறைந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில், பயிற்சி முடித்த இளைஞர்கள் 5.6 கிராம் பிசிஏஏ குடித்தபோது தசைப் புரத உற்பத்தி, பிசிஏஏ இல்லாத பானம் குடித்ததைவிட 22 சதவீதம் கூடியது. அதனால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே அளவு லியூசின் உள்ள முழுப் புரதம் சாப்பிட்டால் கிடைக்கும் ஏற்றம் இதைவிடப் பெரிது. பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் 25 கிராமில் லியூசின் மட்டுமே 2.5 கிராம் அளவுக்கு இருக்கிறது, மீதி எட்டும் கூடவே வருகின்றன.

குளுட்டமினை விடச் சொன்னதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் அமினோ அமிலமே அதுதான், உடம்பு தானே செய்துகொள்கிறது. வாயால் குடிப்பதில் பெரும்பகுதியைக் குடல் செல்கள் தங்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. 2001-இல் இளம் வயதினரை வைத்து ஆறு வாரம் செய்த ஆய்வில், இவர் குடித்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்தும் வலிமையிலோ தசையிலோ வித்தியாசம் வரவில்லை. தீக்காயம் பட்டவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் விஷயம் வேறு. அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆக, அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். எந்த டப்பா என்று கேட்டார், நானும் ஒரு டப்பாவைக் காட்டினேன்.

ஆறு வாரம்

இரண்டாம் வாரம் அவரே அழைத்து, வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். நோட்டில் பார்த்தால் அந்த வாரம் கால் பயிற்சியையே அவர் தவறவிட்டிருந்தார். மூன்றாம் வாரம் பழைய கதை. ஆறாம் வாரம் எடை 71.1 கிலோ. ஸ்குவாட் அதே 90.

எடை ஏன் இன்னும் இறங்கியது? அப்புறம்தான் தெரிந்தது. 'ஒன்பதும் இருக்கிற பவுடர்' என்று நான் சொன்னதை அவர் முழு உணவு என்றே எடுத்துக்கொண்டு, மதியம் சாப்பிடும் இரண்டு முட்டையை நிறுத்தியிருந்தார். 7 கிராம் உள்ளே போனது, 12 கிராம் வெளியே போனது. நான் 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னேனே தவிர, 'வேறு எதையும் குறைக்காதீர்கள்' என்று சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனை

ஏழாம் வாரம் அலுவலகத்தில் வழக்கமாக எடுக்கும் உடல் பரிசோதனை. அறிக்கையைப் படம் எடுத்து இரவு பத்து மணிக்கு அனுப்பினார். சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியாட்டினின் 1.42, அந்த ஆய்வகத்தின் மேல் எல்லை 1.2. கல்லீரலுக்காகப் பார்க்கும் நொதிகளான எஸ்ஜிஓடி 98, எஸ்ஜிபிடி 61, இரண்டுமே எல்லையைத் தாண்டியவை. கீழே ஒரு வரி: "மேடம், கிட்னியும் லிவரும் போச்சா?"

மறுநாளே மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். பயிற்சியையும் எல்லாப் பவுடரையும் அன்றிலிருந்தே நிறுத்தச் சொன்னேன். சிறுநீர் கறுப்புத் தேநீர் மாதிரி அடர்ந்த நிறத்தில் போகிறதா, தசை வீங்கியிருக்கிறதா என்றும் அப்போதே கேட்டேன். இரண்டும் இல்லை. அப்படி இருந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்கும் பேச்சே கிடையாது, இரவோடு இரவாக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலையின் அடையாளங்கள் அவை.

மருத்துவர் நிதானமானவர். முதல் கேள்வியே "ரத்தம் கொடுக்கறதுக்கு முந்தின நாட்கள்ல என்ன செஞ்சீங்க?" என்பதுதான். இரண்டு நாள் முன்பு கால் பயிற்சி. அதிலும் அதுவரை செய்யாத ஒன்று: கையில் எடையோடு நீளமாக எட்டு வைத்து முட்டியை மடக்கி நடக்கும் லஞ்ச், அறையின் நீளத்துக்கு எட்டுத் தடவை. தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அந்த மாதிரி அசைவுதான் தசை நார்களை அதிகம் காயப்படுத்துவது. மருத்துவர் கிரியாட்டின் கைனேஸ் எழுதிக் கொடுத்தார்: 2,900. தசை செல் கசிந்தால் ஏறும் நொதி அது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்லீரல் பக்கம் கோளாறு என்றால் பெரும்பாலும் ஏறும் ஜிஜிடி, பிலிருபின் இரண்டும் இவருக்கு இயல்பாக இருந்தன.

சரி, கிரியாட்டினின்? அங்கேதான் நான் ஓரமாக வைத்த மூன்றாவது டப்பா திரும்ப வந்தது. லேபிளில் '9 கிராம் சிறப்புக் கலவை' என்று ஒரே எண், அதன் கீழே பொடி எழுத்தில் பதினொரு பெயர்கள், எதற்கும் தனி அளவு கிடையாது. மூன்றாவது பெயர் கிரியாட்டின், தசை வலிமைக்காகப் பலர் சாப்பிடும் பொருள். அவர் கிரியாட்டின் சாப்பிடுகிறார் என்பது அவருக்கே தெரியாது. தசையில் உள்ள கிரியாட்டின் என்ற பொருளிலிருந்து உண்டாகும் கழிவுதான் கிரியாட்டினின். உள்ளே போவது கூடினால் சிறுநீரகத்துக்கு ஒரு கேடும் இல்லாமலே ரத்தத்தில் அந்த எண் ஏறும். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். அதனால் தசையோடு அவ்வளவாகச் சம்பந்தம் இல்லாத சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையை மருத்துவர் எடுக்கச் சொன்னார். அது இயல்பு. சிறுநீரில் புரதம் இல்லை.

எட்டு நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி எடுத்ததில் கிரியாட்டின் கைனேஸ் 210, எஸ்ஜிஓடி 29, எஸ்ஜிபிடி 34. கிரியாட்டினின் மட்டும் மெதுவாக, 1.31. தசையில் சேர்ந்த கிரியாட்டின் வடிய சில வாரம் ஆகும். ஆறு வாரம் கழித்து 1.12.

சிறுநீரகம் தப்பியது. ஆனால் அந்த எட்டு நாளில் எந்தப் பவுடரும் குடிக்காமல் இருந்தவருக்கு என்ன ஆனது தெரியுமா? முதல் இரண்டு நாள் தலைவலி, அது உற்சாகப் பவுடரில் இருந்த காஃபின் நின்றதால் வந்தது. அவ்வளவுதான். 18 கிராம் பிசிஏஏவுக்கு ஒரு வருடம் கொடுத்த முக்கியத்துவம் வீண் என்பதை அவரே அந்த வாரத்தில்தான் ஒப்புக்கொண்டார். நான் ஆறு வாரத்துக்கு முன்பு ஆய்வுகளை எடுத்துச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டியிருந்தார்.

திரும்பவும் நோட்டுப் புத்தகம்

ஓய்வு வாரத்தில் நேரம் இருந்தது. அந்த '90' எப்படி வந்தது என்று இப்போது கேட்டேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார்: சாப்பாடு 62, பிசிஏஏ 18, குளுட்டமின் 10. மொத்தம் 90. பவுடரில் உள்ள அமினோ அமிலத்தை அப்படியே புரதக் கணக்கில் சேர்த்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்வதுதான் பல ஆய்வகங்களின் பழைய முறையே. அந்தக் கணக்குக்குக் குளுட்டமினும் புரதம்தான். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைப் புரதப் பவுடரில் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டும் ஏமாற்று வேலை நடப்பதும் இந்த ஓட்டையில்தான்.

மூன்று நாள் சாப்பிட்டதை எடைபோட்டு எழுதி வாங்கினேன். அதில் ஒன்று விடுமுறை நாள். முட்டையைத் திரும்பச் சேர்த்திருந்தார். புரதம் 61, 54, 68. சராசரி 61 கிராம். கிலோவுக்கு 0.86. உடற்பயிற்சி செய்யாத ஒருவருக்கான 0.8 என்ற பரிந்துரைக்குச் சற்று மேலே. 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில், எடைப் பயிற்சியோடு தசை கூடுவதற்குப் புரதம் உதவுவது கிலோவுக்கு 1.6 கிராம் வரை ஏறி, அதற்கு மேல் சமமாகிவிடுகிறது. இவருக்கு அது 115 கிராம். ஆக, தேவையில் பாதியைச் சற்றுத் தாண்டியிருந்தார்.

கலோரி 1,950 என்று வந்தது. சமன்பாட்டின்படி இவருக்குத் தேவை 2,300 பக்கம். உணவுக் குறிப்பை யாரும் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்பதால் அந்த எண்களை நான் அப்படியே நம்புவதில்லை. எடைத் தராசை நம்புவேன். ஐந்து மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கியது என்றால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பற்றாக்குறை இருந்திருக்கிறது என்று பொருள். ஐந்து நாள் மட்டும் கலோரியைக் குறைத்துப் பார்த்த ஒரு ஆய்விலேயே, ஓய்வு நிலையில் தசைப் புரத உற்பத்தி 27 சதவீதம் குறைந்தது. இவர் ஐந்து மாதம் அப்படி இருந்திருக்கிறார்.

தூக்கம் ஐந்தரை மணி நேரம். அதையும் அப்போதுதான் கேட்டேன்.

பயிற்சியாளரையும் உட்காரவைத்துப் பேசினோம். அவர் சொன்னது எனக்குப் புதிது: இவர் ஒவ்வொரு வாரமும் கால் பயிற்சியை மாற்றிக்கொண்டே இருக்கிறார், 'தசையைக் குழப்ப வேண்டும்' என்று எங்கோ பார்த்துவிட்டு. அதுவும் வாரத்தில் ஒரே நாளில் 22 செட் (இடையில் ஓய்வு விட்டுச் செய்யும் சுற்றுகள்). ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தசை பழகிக்கொண்டு அடுத்த முறை குறைவாக வலிக்கும் என்பது நன்றாக அறியப்பட்ட விஷயம். இவர் அந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. நாலு நாள் வலிக்கு மருந்தை டப்பாவில் தேடிக்கொண்டிருந்தோம். வலியின் ஊற்று பயிற்சி அட்டவணையில் இருந்தது.

இரண்டாவது திட்டம்

நாளுக்கு 115 கிராம் புரதம், நான்கு வேளையாக. வேளைக்கு 25 முதல் 30 கிராம். மொத்தக் கலோரியில் 350 கூடுதல். கால் பயிற்சி 12 செட், இரண்டு நாளாகப் பிரித்து, ஆறு வாரத்துக்கு ஒரே அசைவுகள். தூக்கம் குறைந்தது ஏழு மணி நேரம். ஒரு இரவு முழுக்க விழித்திருந்தாலே மறுநாள் தசைப் புரத உற்பத்தி 18 சதவீதம் குறைந்ததை 2021-இல் ஒரு ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. பவுடர் என்று ஒன்றே ஒன்று: பயிற்சி முடிந்ததும் வே புரதம். அதையும் சாப்பாட்டாலேயே ஈடுகட்ட முடிந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். காலை ஏழே காலுக்குப் பயிற்சி முடித்து எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு வேறு வழி தெரியவில்லை.

உண்ணாநேரத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை. அதில்தான் பெரிய வாக்குவாதம். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது தசைக்கு விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வேளையில் 100 கிராம் புரதம் சாப்பிட்டாலும் உடம்பு அதை வீணாக்காமல் பல மணி நேரம் பயன்படுத்துகிறது என்று 2023-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இவருடைய சிக்கல் வேறு. எட்டு மணி நேரத்துக்குள் 115 கிராமும் 2,300 கலோரியும் சாப்பிட இவருக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. முயன்று பார்த்து மூன்றாம் நாளே வயிற்று உப்புசத்தோடு விட்டுவிட்டார். கடைசியில் பயிற்சி நாளில் மட்டும் காலையில் சாப்பிடுவது என்று முடிவானது. மற்ற நாட்களில் அவர் விருப்பம்.

கிரியாட்டினைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்டோம். தசைக்கு உண்மையில் பயன் தரும் என்று வலுவான ஆதாரம் உள்ள சில பொருட்களில் அது ஒன்று. இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் அதன் இருப்பு குறைவாகவும் இருக்கும். கிரியாட்டினின் இறங்கியதைப் பார்த்த பிறகு, இந்த இரண்டாவது திட்டத்தின் ஏழாம் வாரத்திலிருந்து நாளுக்கு 3 கிராம், அதுவும் அளவு தெரிந்த தனிப் பொடியாக. இனி எங்கே ரத்தம் கொடுத்தாலும் 'கிரியாட்டின் எடுக்கிறேன், கடைசியாகப் பயிற்சி செய்தது இந்த நாள்' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

16 வாரங்களில்

முதல் இரண்டு வாரம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வயிறு எப்போதும் நிறைந்த மாதிரி இருக்கிறது என்றார். செட்டைக் குறைத்ததில் 'வேலையே செய்யாத மாதிரி' தோன்றுகிறது என்று பயிற்சியாளரிடம் சண்டை. மூன்றாம் வாரம் கால் வலி இரண்டு நாளில் போனது. ஐந்தாம் வாரம் ஸ்குவாட் 92.5. பல மாதம் கழித்து நகர்ந்த அந்த இரண்டரை கிலோவை நோட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

16-ஆம் வாரம்: எடை 74.2, ஸ்குவாட் 107.5 கிலோவில் ஐந்து ரெப், தொடைச் சுற்றளவு 54 செ.மீ.யிலிருந்து 56. புரதச் சராசரி 109 கிராம், சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவுதான். தூக்கம் ஆறே முக்கால் மணி நேரத்தோடு நின்றுவிட்டது. ஏறிய மூன்று கிலோவும் தசை இல்லை. கிரியாட்டின் தசைக்குள் இழுத்துவைக்கும் நீர் ஒரு பங்கு, இடுப்புச் சுற்றளவு ஒரு செ.மீ. கூடியிருப்பதால் கொழுப்பும் ஒரு பங்கு. இது எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. அதேபோல் உணவு, செட், தூக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். எதனால் எவ்வளவு என்றும் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் ஏற்கெனவே ஆறு வாரத்தை வீணாக்கிய பிறகு அவரிடம் அந்தப் பொறுமையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

என் முதல் சந்திப்புப் படிவத்தில் சப்ளிமென்ட் பற்றிய கேள்வி முதல் பக்கத்தில் இருந்தது. அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். முன்னால் வருவது மூன்று நாள் உணவுக் குறிப்பு, எடை போன போக்கு, தூக்கம், வாரத்துக்கு எத்தனை செட். புரதக் கணக்கு யாராவது சொன்னால், எந்தெந்த எண்ணைக் கூட்டினீர்கள் என்று எழுதிக் காட்டச் சொல்கிறேன். டப்பாக்களைப் படம் எடுக்கும்போது முன்பக்கத்தை எடுப்பதில்லை, பின்பக்கத்தை மட்டும். தனித்தனி அளவு போடாத 'சிறப்புக் கலவை' எதுவாக இருந்தாலும் அதை நிறுத்திவிட்டுத்தான் மேலே பேசுவது.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள் கடுமையான கால் பயிற்சி வேண்டாம் என்பதையும் எல்லோரிடமும் சொல்கிறேன். இதைச் சொல்லாததால் ஒருவர் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தார்.

கடைசியாக வந்தபோது அவர் கேட்டார்: "மேடம், அந்த இஏஏ டப்பா பாதி மீதி இருக்கு. அப்பாவுக்கு 68 வயசு, கால்ல பலமே இல்லங்கறார். அவருக்குக் கொடுக்கலாமா?"

முதல் தடவை கேட்டதைவிட நல்ல கேள்வி. வயதானவர்களின் தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் தரும். இளைஞருக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதும் என்றால், அதே அளவு தூண்டலுக்கு முதியவருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. பசியும் குறைந்து, மெல்லவும் சிரமப்படுகிறவருக்கு, கொஞ்சமான அளவில் லியூசின் கூடிய இன்றியமையா அமினோ அமிலங்கள் உதவக்கூடும். பவுடர்களில் இதற்கு ஓர் இடம் உண்டென்றால் அங்கேதான். ஆனால் அவர் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறார், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாரா என்று எனக்கு எதுவும் தெரியாது. அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு, மூன்று நாள் சாப்பாட்டையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

"நான் எழுதி வாங்கிட்டு வரேன் மேடம், அவர் கணக்கு போட்டா தப்பா கூட்டிடுவார்" என்றார்.